முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு விரல்

அக்கா,

இன்று விண்டர் ஜாக்கெட்டுகளை உள்ளே வைக்க அலுமாரியைத் திறந்ததும் ஊதுபத்தி மணம் வந்தது. உங்கள் மகள் கொண்டுவந்து தந்த சிவப்பு முக்காடு அங்கேதான் இருக்கிறது. நீங்கள் கண்மூடிப் போனபின் ஒரு மாரி முழுவதும் கழிந்துவிட்டது. மணம் மட்டும் போகவில்லை.

டோர்செட் பார்க் அடுக்குமாடியில் எனக்கு எதிர்க்கதவு நீங்கள். உங்கள் வியட்நாமிலும் மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று சொல்லி, 'அக்கா'வை நீங்களே கேட்டு வாங்கினீர்கள். மற்றதெல்லாம் நம் இருவரின் உடைந்த ஆங்கிலம்தான். எனக்குக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோயிலுக்குக் கூட்டிப்போனீர்கள். கோயில் என்றால் ஒரு வீட்டின் பேஸ்மென்ட். ஊரில் கலை வந்து சாமியாடுபவர்களைக் கண்டு பயந்து வளர்ந்தவள் நான், கதவோரமாகவே இருந்தேன். நீங்கள் முக்காட்டுக்குள் தலை குனிந்திருக்க, ஒருவர் வட்ட முகமுள்ள தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடினார். முழங்கால் நோகுதென்று லிஃப்டில் முனகும் நீங்கள், முக்காடு விலகியதும் தளபதியாகி வாள் சுழற்றினீர்கள். மறுபடி முக்காடு, வேறு பாட்டு. இப்போது மலைநாட்டு இளவரசியாகி எனக்கொரு தோடம்பழம் எறிந்தீர்கள். சனம் கைதட்டிச் சிரித்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, அக்கா.

"உங்களில எந்தத் தெய்வம் வந்திருக்கு எண்டு பாட்டுக்காரருக்கு எப்பிடித் தெரியும்?" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"முக்காட்டுக்குள்ள இருந்து இத்தனை விரல் எண்டு காட்டுவன். அதைப் பாத்து அந்தத் தெய்வத்தின்ர பாட்டை எடுப்பார்."

"அவர் காணாட்டி?"

"உள்ளுக்கையே இருக்க வேண்டியதுதான்," என்று சிரித்தீர்கள்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபின் நான் வீட்டோடு முடங்கினேன். ஒருவரிடமும் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள்தான் பின்னேரங்களில் கதவைத் தட்டி, "நீ போய் நட. இவரோட நான் இருக்கிறன்," என்று சப்பாத்தை எடுத்து என் முன்னால் வைப்பீர்கள். கென்னடி ரோட்டால் சும்மா நடந்துவிட்டு வருவேன். அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

இப்போது தட்ட ஆளில்லை. அவர் நல்ல மனுசன், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது.

இன்று அவர் கண்ணயர்ந்த நேரம் வாஷ்ரூம் கதவைப் பூட்டிவிட்டு, உங்கள் முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தேன். தெய்வம் ஒன்றும் வரவில்லை. கென்னடி ரோட்டால் தனியே நடந்துபோகிற அந்தப் பெண்தான் வந்தாள். விரலை உயர்த்தினேன்.

"இஞ்சாரும், எங்கை நிக்கிறீர்?" என்று அறையிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"வாறன்," என்றேன். ஆனால் விரலை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன், அக்கா. நீங்கள் என்றால் கண்டிருப்பீர்கள்.