பேராச்சி சித்தி போட்ட கையெழுத்து

செம்பூர், மும்பை
செப்டம்பர் 14

அன்பு மகள் விஜயலட்சுமிக்கு அம்மா எழுதுவது. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, என் முழங்கால்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, மற்றபடி இரண்டு பேரும் சுகம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் பிடிக்கும், தெரியும். போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், மெதுவாக வாசி.

உன் பேராச்சி சித்தி கவர்னர் பதவி முடிந்து பத்து நாளாக நம் வீட்டில்தான் இருக்கிறாள். கொண்டு வந்தது இரண்டு பெட்டி, ஒரு மூட்டைப் புத்தகம், அவ்வளவுதான். ஐந்து வருஷம் முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டியோடு போனவள் நேற்று என்னோடு பஸ் ஏறி மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு வந்து வாழைப்பூ பார்த்துப் பார்த்து எடுத்தாள். நாங்கள் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது மொபைல் கடை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. தாராவியிலிருந்து இரண்டு பேரும் நடந்தே போவோம், நான் டைப்ரைட்டிங்கோடு நிறுத்திக்கொண்டேன், அவள் சுருக்கெழுத்தில் எல்லோரையும் தாண்டிப் போனாள். டெல்லி பார்லிமெண்டில் பேசுவதை எழுதியெடுக்கும் வேலைக்கு அவளுக்கு ஆர்டர் வந்த அன்று, தோல் கம்பெனியிலிருந்து வந்த உன் தாத்தா கைகூடக் கழுவாமல், "பொட்டப்பிள்ள தனியா டெல்லிக்குப் போயி யாரு முகத்தப் பாத்துக்கிட்டு இருப்பா?" என்று நின்றார். நானே கொண்டுபோய் விட்டுவருகிறேன் என்று சொல்லி அவளோடு ரயிலேறினேன். வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தவள் ஹாஸ்டல் வாசலில் விட்டாள், அப்புறம் திரும்பியே பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இரண்டு பேருமே ஊருக்கு வந்திருப்போம்.

அங்கே முப்பத்தெட்டு வருஷம். முதலில் சபை நடுவே குனிந்து உட்கார்ந்து மற்றவர்கள் பேச்சை எழுதினாள், பிறகு சபாநாயகருக்குக் கீழே உட்கார்ந்து எந்த விதி என்ன சொல்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள், கடைசியில் செயலாளராகி ஓய்வு பெற்றாள். டிவியில் சபையில் கூச்சல் நடக்கும்போது ஓரத்தில் அவள் கொண்டை மட்டும் தெரியும், "அந்தா சித்தி!" என்று நீ குதிப்பாய். அவள் அனுப்பிய அரசியல் சட்டப் புத்தகத்தைப் பார்த்துத்தானே வக்கீலாகப் போகிறேன் என்றாய். கவர்னராகி அந்த மலை மாநிலத்துக்குப் போன பிறகும் அவளுக்கு அதே கதைதான். "அங்க அடுத்தவுக பேசுனத எழுதுனேன், இங்க அடுத்தவுக எழுதுனத வாசிக்கேன்" என்று போனில் சிரிப்பாள்.

ஆற்றங்கரைக் குடிசைகளை எடுக்கிற சட்டத்தில் அவள் கையெழுத்துப் போட்டதைப் பேப்பரில் படித்துவிட்டு, தாராவியில் பிறந்தவள் இதை எப்படிச் செய்யலாம் என்று நீ அவளுக்கு எழுதினாய், இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. போன வெள்ளிக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நானே கேட்டுவிட்டேன். முதல் தடவை அந்த மசோதா வந்தபோது அவள் கையெழுத்துப் போடவில்லையாம். டிரைவரை மட்டும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறாள். ரேஷன் கார்டு விசாரிக்க வந்தவள் என்று நினைத்து ஒரு பெண் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, மழைத் தண்ணீர் ஏறிய அளவைச் சுவரில் காட்டினாளாம். திரும்பி வந்து, மாற்று இடம் கொடுக்காமல் யாரையும் எடுக்கக் கூடாது என்று தன் கையாலேயே மூன்று பக்கம் எழுதி மசோதாவைச் சட்டசபைக்குத் திருப்பி அனுப்பினாள். அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. சபை ஆறு மாத அவகாசம் என்று மட்டும் சேர்த்து மறுபடியும் நிறைவேற்றி அனுப்பியது. இரண்டாவது தடவை வந்தால் கவர்னர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமாம். "போடாம அப்படியே வச்சிருக்கலாம்லா?" என்றேன். "அப்படிக் கெடப்புல போட்டு வச்சவங்களப் பாத்து எத்தன வருசம் மனசுக்குள்ள திட்டியிருக்கேன்க்கா, நானே அதச் செய்யவா? ராஜினாமா எழுதிட்டேன், பெறவு கிழிச்சுட்டேன். நான் போனா மறுநாளே வேற ஆளு வந்து கையெழுத்துப் போடுவாரு, ஆறு மாசத்த ஒழுங்காக் குடுக்காங்களான்னு யாரு பாப்பா?" என்றாள். அந்த ஆறு மாதமும் கலெக்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். நூற்றுப் பத்து வீட்டில் எழுபதுக்கு இடம் கிடைத்தது. மற்ற நாற்பது குடும்பத்தாரும் எங்கே போனார்கள் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைச் சொல்லும்போது கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் என்ன ஏட்டி என்று கோபப்பட்டேன். "அவ கேட்டது சரியான கேள்விதானக்கா, நாப்பது வீட்டுக்கு என்ட்ட பதில் இல்லயே" என்றாள்.

நீ வக்கீல், யார் பக்கம் நியாயம் என்று உனக்குத்தான் தெரியும், நான் அதில் தலையிடவில்லை. ஆனால் அவளுக்கும் அறுபத்தொன்பது ஆகிறது. உன் அறையில்தான் படுத்திருக்கிறாள், அலமாரியில் உன் பழைய நோட்டுகளைத் தூசி தட்டி அடுக்கியிருக்கிறாள், உன்னைப் பற்றி நானாகப் பேசினால் கேட்டுக்கொள்கிறாள், அவளாகக் கேட்பதில்லை. காலையில் ஏழரைக்கு மேல் சும்மாதான் இருப்பாள், உனக்கு அப்போது மதியம், சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு. பிள்ளைகளுக்குக் குளிரில் தலையில் துணி கட்டி அனுப்பு, மாப்பிள்ளையை இடுப்பு வலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல், நீயும் நேரத்துக்குத் தூங்கு. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

விலாசத்தை நீ எழுது என்று உறையைச் சித்தியிடம்தான் கொடுத்திருக்கிறேன். உன் பெயரைப் பார்த்தாள், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். உறை மேல் இருப்பது அவள் எழுத்து.

உன் அம்மா
முருகம்மாள்