விண்ணப்பத்தில் எழுதாத அண்ணன்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு நேராக வங்கிக்குப் போனேன். கிராமப்புற வீட்டுக் கடன். அரசாங்க உத்தரவாதம், முன்பணம் கிடையாது. நான் வாங்க நினைக்கும் மில் கிரீக் சாலை மஞ்சள் வீடு கிராமப்புற எல்லைக்குள் வருகிறதாம். கடன் பிரிவு ப்ரூயிட் அம்மா வரைபடத்தில் காட்டினார். "புது வீட்டுல யார் யார் இருப்பீங்க?" என்று கேட்டார். நானும் என் மகள் டெஸ்ஸாவும் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

என் அண்ணன் ஆரினைச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாருடைய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அவன் கல்குவாரிச் சம்பளம் சேர்ந்தால் கடனுக்கான வரம்பு தாண்டிவிடும். ஏழு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறான். யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 11

ஒரு தகவலும் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

ப்ரூயிட் அம்மா கூப்பிட்டார். குரலே வேறு. "வெர்னா, உங்க அண்ணன் உங்களோடதான் இருக்கார்னு தெரியவந்திருக்கு. ஃபாரத்தைத் திருத்தணும். கொஞ்ச நாள்ல கூப்பிடுறேன்." யார் சொன்னதென்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

க்ளெண்டாதான். வேற யாரு? பக்கத்து வீட்டிலிருந்து என் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவள். அவள் மகனுக்கும் அந்த மஞ்சள் வீட்டின் மேல் ஒரு கண்.

மார்ச் 16, ஞாயிறு

சர்ச்சில் சாப்பாடு. க்ளெண்டா சோள ரொட்டித் தட்டை நீட்டி, "கடன் விஷயம் என்னாச்சு வெர்னா?" என்றாள். நான் அவளிடம் சொல்லவே இல்லையே.

"உன் பையனுக்கு வீடு கிடைச்சா சரிதானே உனக்கு," என்று கேட்டுவிட்டேன். நீட்டிய கை அப்படியே நின்றது. திகைப்பா, நடிப்பா? நடிப்புதான்.

மார்ச் 19, புதன்

பேருந்தைத் திருப்பும்போது பார்த்தேன். ஆரின் வண்டி, வங்கி வாசலில். வேலை நேரத்தில்.

சாயங்காலம் கேட்டேன், இன்னைக்கு எங்கே போயிருந்தே என்று. "குவாரிக்குத்தான். வேற எங்கே போவேன்?" பீன்ஸைக் கிளறியபடியே சொன்னான். நிமிரவில்லை.

என் கூடப் பிறந்தவன். இவனா? எதுக்கு?

மார்ச் 20

அவன் கோட்டுப் பையில் கைவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு சாவி. எங்கள் வீட்டுச் சாவி இல்லை.

மார்ச் 21, வெள்ளி

சாவியை மேசைமேல் வைத்தேன். அவன் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"பேங்க்ல சொன்னது நான்தான்."

"ஏன்?"

"நீ கையெழுத்துப் போட்டது அரசாங்கக் காகிதம்டி. பின்னாடி எவனாவது கண்டுபிடிச்சா வீடும் போகும், கோர்ட்டுலயும் நிப்பே. நான் அந்த வீட்டுக்கு வரலைன்னு எழுதிக் கொடுத்துட்டேன். தீவனக் கடை மாடியில ரூம் பிடிச்சாச்சு. வாடகைச் சீட்டைக் காட்டத்தான் புதன்கிழமை போனேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியா?"

சாவியை அவன் பக்கமே தள்ளிவிட்டேன். ஆனால் நம்பவில்லை. ஒருத்தன் இப்படிச் சும்மா வெளியேறுவானா? யாரோ ஒருத்தி இருக்கிறாள். அவளுக்காகத்தான் ரூம். பழி மட்டும் என் கடன்மேல்.

ஏப்ரல் 1

திருத்திய ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை எழுதியது எல்லாம் உண்மை.

ஏப்ரல் 17, வியாழன்

கடனுக்குத் தகுதி உண்டு என்று கடிதம் வந்துவிட்டது. மஞ்சள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் வங்கி கேட்ட சோதனையில் தேறியது.

க்ளெண்டா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ரூம் தேடித் தரச் சொல்லி ஆரின் அவளிடம் போயிருக்கிறான். கடன் விஷயம் அப்படித்தான் தெரியுமாம். "என்னையவா சந்தேகப்பட்டே?" என்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

மே 10, சனி

புது வீட்டுக்கு வந்து ஒரு வாரம். இன்று சொல்லாமல் கொள்ளாமல் தீவனக் கடை மாடிக்குப் போனேன். அந்த ஒருத்தியைப் பார்த்துவிடத்தான்.

ஒரு கட்டில். ஒரு நாற்காலி. ஜன்னல் திண்டில் ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு கோப்பை. இரண்டாவது கோப்பை எங்கேயாவது இருக்கிறதா என்று நான் தேடுவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உட்காரு வெர்னா," என்று நாற்காலியைத் தள்ளினான். கோப்பையில் காபி ஊற்றி எனக்குக் கொடுத்தான். நான் குடித்து முடிக்கும்வரை ஜன்னலோரம் நின்றான். பிறகு அதையே கழுவி, தனக்கு ஊற்றிக்கொண்டான்.