ஊசியின் மேல் வைத்த காசு

என் செல்லக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் அக்கா வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனாள், அவள் சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் கொள்ளை அழகு. குளியலறைக் குழாய் ஒழுகுவதும் நின்றது. இதையெல்லாம் சொல்லிப் பூசி மெழுகுகிறேன், விஷயம் வேறு.

நீ அலமாரியில் வைத்துவிட்டுப் போன ஜாஸ் ரெக்கார்டுகளை எடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டேன். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, ஏழு மாதமாகத் தினமும். "ஏற்கெனவே தேய்ஞ்சு போனதும்மா, தொடாதே" என்று படித்துப் படித்துச் சொன்னாய். என்ன செய்யட்டும் கண்ணா, முப்பத்தொரு வருஷம் ஓட்டல் சலவைக்கூடத்து மெஷின் இரைச்சலில் கிடந்தவள் நான். ஓய்வு என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள், அப்பாவும் இல்லை, வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுவதும் நின்றுவிட்டால் அப்படியொரு அமைதி. பயமாக இருந்தது. தனியாக இருப்பது பழகிவிடும் என்கிறார்கள், எனக்குப் பழகவில்லை. முதலில் கேட்டபோது, ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்களே, இதற்கா என் பிள்ளை தெருத்தெருவாக அலைந்தான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு நாள் அந்த டிரம்ஸ்காரர் தட்டுவது எங்கள் உலர்த்தும் மெஷின் சுற்றுகிற அதே தாளம் என்று பிடிபட்டது. அதிலிருந்து பல் தேய்த்ததும் ஒன்று, சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஒன்று.

ரெக்கார்டில் கீறல் விழுந்த இடத்தில் பிளேயர் ஊசி குதித்தது. சுருக்கம் போகாத துணியை நாங்கள் என்ன செய்வோம், இன்னும் அழுத்துவோம். அந்தப் புத்தியில் ஊசிக்கு மேலே ஒரு காசை வைத்தேன். குதிப்பது நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு இன்னொரு காசும் வைத்தேன். போன மாதம், நீ ஆறு வருஷம் தேடிப் பிடித்தாயே அந்தச் சாக்ஸபோன் இசைத்தட்டு, அதில் இரண்டாம் பக்கம் கடைசியில் எண்ணெய் பொரிகிற சத்தம்தான் வந்தது. பழைய ரெக்கார்டு கடைக்காரரிடம் ஓடினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "என்னம்மா, இப்படி உழுது வச்சிருக்கீங்க" என்றார். காசு வைத்ததைச் சொன்னதும் மனுஷர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு பாவம் பார்த்து, "இதே தட்டு இன்னொண்ணு இருக்கு, பையனோட உறைக்குள்ள போட்டுடுங்க, தெரியவே தெரியாது" என்றார்.

வாங்கிவந்து அப்படியே செய்தேன். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. தேய்ந்ததைப் போய் ஏன் வாங்குகிறாய் என்று முன்பு கேட்டதற்கு, "யாரோ ஒருத்தர் இதை விடாம கேட்டிருக்காங்கம்மா, அதுக்குத்தான்" என்றாய். அந்த யாரோ ஒருத்தர் இப்போது நான். அதனால் உன் தட்டை அதன் உறையிலேயே திரும்ப வைத்துவிட்டேன். வாங்கிவந்த நல்ல தட்டு பக்கத்தில் தனியாக இருக்கிறது. செய்தது தப்புதான், மறைக்க மனசு வரவில்லை. இப்போது எதையும் போடுவதில்லை.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இரு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. திட்டுவதானால் இரண்டு வரி மெசேஜில் முடித்துவிடாதே. அவசரமில்லாத நாளாகப் பார்த்து, போன் பண்ணித் திட்டு. நடுவில் பேச மாட்டேன், எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா