கிள்ளை வண்டிக்கு ஒரு செட்டு

மச்சான்,

இன்று காலை நம் சிதம்பரம் டிப்போ வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கடலோரத்துக் கிள்ளை ஊருக்கு முதல் நடை போய்விட்டுக் கிள்ளை வண்டி உள்ளே திரும்பியது. வண்டி வருவதற்கு முன்னால் அதன் வாடை வந்துவிட்டது. பின்படிக்கட்டில் சொட்டிக் காய்ந்த மீன்தண்ணீரும் இறால் கூடையும் கொஞ்சம் மல்லிகைப் பூவும் கலந்த அதே வாடை. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் ஆசை தீர மூச்சை இழுத்தேன். நீ இருந்திருந்தால், "பாத்தியா மச்சான், நம்ம வண்டி சென்ட்டு போட்டுகினு வருது" என்றிருப்பாய். உனக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரி, "உசிரோட இருந்தப்ப ரெண்டு பேரும் கத்துனது பத்தலியா?" என்று கேட்டாள். பத்தவில்லைதான், என்ன செய்வது!

நீ கிளை மேலாளர். நான் ஒர்க் ஷாப்பைப் பார்க்கும் இன்ஜினியர். உனக்கு எல்லா வண்டியும் ரோட்டில் ஓட வேண்டும். எனக்கு ஒவ்வொரு வண்டியும் பழுது பார்க்கும் குழியில் நின்று சரியாக வேண்டும். இது போதாதா? தினமும் விடிந்தால் சண்டை. "வண்டிய குடுடா" என்பாய். "குடுக்க மாட்டேன், போடா" என்பேன். மெக்கானிக்குகள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். நீ கடலூர் செம்மண்டலத்தில் குடியிருந்தாய். டிப்போ ஜீப் இருந்தும் தினமும் அங்கிருந்து பஸ்ஸில்தான் வருவாய், அதுவும் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு. யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் வந்து இறங்கும்போதே உனக்குத் தெரிந்திருக்கும். வேலைக்கு வருகிறாயா, வம்பு கேட்க வருகிறாயா என்று நான் எரிந்து விழுவேன். நீ பல்லைக் காட்டுவாய்.

உன்னைப் பொறுத்தவரை நிர்வாகம் என்பதே செட்டுப் போடுவதுதான். எந்த டிரைவருக்கு எந்தக் கண்டக்டர் என்று ஜோடி சேர்ப்பதை, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன் போல உட்கார்ந்து யோசிப்பாய். "டீசல் ஊத்துனா இன்ஜினு ஓடும் மச்சான். வண்டி ஓடணும்னா செட்டு சரியா இருக்கணும்" என்பாய்.

அப்படிப்பட்ட நீ கிள்ளை வண்டிக்குப் போட்ட செட்டைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது.

ஆள் பற்றாக்குறை என்று அந்தக் காலை நடையை நிறுத்தச் சொல்லி மேலேயிருந்து பேச்சு வந்திருந்தது. நீ போராடி ஒரு வாய்ப்பு வாங்கினாய். திங்கட்கிழமை அதிகாரி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்று பார்ப்பார். வண்டி ஒழுங்காக வந்தால் நடை இருக்கும், இல்லாவிட்டால் அன்றோடு சரி. சேதி கிள்ளைக்கும் போய்விட்டது. மீன் விற்கும் செல்வி உன் அறைக்கே வந்துவிட்டாள். "சார், ஷேர் ஆட்டோல எங்கூடைய ஏத்த மாட்டான். வேற வண்டின்னா நான் வர்றதுக்குள்ள மார்க்கெட்டு கலைஞ்சுடும். என் பொண்ணு காலேஜிக்குப் போறதும் இதுலதான். வண்டிய நிறுத்திட்டீங்கன்னா அவ படிப்பையும் நிறுத்திட வேண்டிதான்" என்றாள். அழவில்லை. மிரட்டுகிற தோரணையில்தான் சொன்னாள்.

அந்த வண்டிக்கு நீ போட்டது டிரைவர் கலியபெருமாளையும் கண்டக்டர் தனவேலையும். மாமன் மச்சான்கள். தனவேலின் அக்காவைத்தான் கலியபெருமாள் கட்டியிருந்தார். ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெண்ணாடத்தில் கலியபெருமாளின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? தனவேல் தோடும் சீரும் எடுத்துக்கொண்டு வந்த பஸ், வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கலியபெருமாளோ காலமெல்லாம் டைமுக்கு வண்டி எடுத்துப் பழகிய கை. நல்ல நேரம் வந்ததும் இன்னொரு மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். பஸ்ஸை எடுக்கிற மாதிரி காதுகுத்தையும் எடுத்துவிட்டார் மனுஷன்! தனவேல் வாசலிலேயே சீர்த்தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"உனக்கு மறை கழண்டுடுச்சாடா? மூஞ்சி பாத்துக்காதவனுங்கள ஒரே வண்டியில ஏத்துற. திங்கக்கிழமையோட கிள்ளை வண்டிக்குச் சங்குதான்" என்று கத்தினேன்.

"லீவு இல்லாம கைவசம் இருக்கறது அவுங்க ரெண்டு பேருதான். அதுவும் இல்லாம, வெளியில ஆளுக்கு ஒரு பக்கம் போயிடலாம். ஒரே வண்டிக்குள்ள எங்க போவானுங்க?" என்றாய்.

திங்கட்கிழமை காலை கிள்ளையில் நீயும் நானும் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தோம். வண்டி நிறைந்துவிட்டது. செல்வியின் மகள் நமக்குப் பின்னால் இருந்தாள். செல்வி மட்டும் கடைசி நேரத்தில் கூடையோடு ஓடி வந்தாள். கூடைக்கு ஒரு கை கொடுக்கத் தனவேல் பின்படியிலிருந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்து, யாரையோ வழியனுப்ப வந்த ஒருவர் வண்டியின் பக்கவாட்டில் தட்டி, "ரைட், போலாம்" என்று குரல் கொடுத்தார். வேறு டிரைவராக இருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார். திரும்பினால் தனவேலின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே! கலியபெருமாள் பார்க்காமலே கியரைப் போட்டார்.

கொஞ்ச தூரம் போன பிறகு செல்வியின் மகள் எழுந்து, "ஐயோ, எங்கம்மாவ காணும்!" என்றாள். பின்னாலிருந்து இன்னொரு பெண், "யோவ் டிரைவரு, கண்டக்டரையே வுட்டுட்டு வந்துட்டியே!" என்று கத்தினாள். வண்டி நின்றது. அங்கே அதிகாரி மணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், இங்கே கண்டக்டர் இல்லாத வண்டி. நான் எழுந்து கத்த வாயைத் திறந்தேன். நீ என் தொடையைக் கிள்ளி உட்காரவைத்தாய். "சும்மா இருடா. அவுரே முடிவு பண்ணட்டும்" என்று காதோடு சொன்னாய்.

கலியபெருமாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சற்று நேரம் ரோட்டையே பார்த்தார். வாழ்நாளில் யாருக்காகவும் காத்திருக்காத மனுஷன். பிறகு ரிவர்ஸ் போட்டார். திருப்ப இடமில்லாத ரோடு, அதனால் பின்னாலேயே போனார். பின் ஜன்னலில் பெண்கள் தலையை நீட்டி, "வா வா வா, ஒடி, ரைட்ல ஒடி, மாடு நிக்குது, பாத்து!" என்று ஆளாளுக்கு வழி சொன்னார்கள். "என் கிளட்ச்சு போச்சுடா" என்று நான் புலம்பினேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

ரோட்டில் செல்விக்கு முன்னால் தனவேல் நடந்து வந்துகொண்டிருந்தார். தோளில் டிக்கெட் பை, தலையில் செல்வியின் மீன்கூடை. சட்டையெல்லாம் தண்ணீர். கலியபெருமாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏறு மச்சான்."

தனவேல் கூடையை இறக்கவில்லை. அப்படியே நின்று சொன்னார்: "இன்னைக்காவது எனக்காவ நின்னியே மாமா."

கலியபெருமாள் கைத்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் செல்வி, "மாமன் மச்சான் கூத்தயெல்லாம் ஊட்ல போயி வெச்சிக்குங்க. எம்மீனு கெட்டுப் போவுது!" என்றாள். வண்டியே அதிர்கிற மாதிரி சிரிப்பு. வழியெல்லாம் தனவேல் பின்னாலிருந்து எதையாவது கேட்பதும், கலியபெருமாள் முன்னாலிருந்து பதில் சொல்வதுமாக, காதுகுத்துக் கதை முழுவதும் பயணிகள் முன்னிலையில் பேசித் தீர்க்கப்பட்டது. தீர்ப்பும் அவர்களே சொன்னார்கள்.

தாமதமாகத்தான் சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி முகம் இறுகி நின்றார். "ஏன் லேட்டு?" என்றார். நீ நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாய். வண்டி ரிப்பேர் என்று ஒரு பொய் சொல்லக்கூடாதா என்று நான் உள்ளுக்குள் பல்லைக் கடித்தேன். செல்வி கூடையோடு இறங்கி அவர் எதிரிலேயே நின்றாள். "லேட்டாதான் சார் வந்துச்சு. ஆனா எங்கள வுட்டுட்டு வரலியே" என்றாள். அவளுக்குப் பின்னால் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள், கூடைகளும் புத்தகப் பைகளுமாக. அதிகாரி அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நாளைலேருந்தாவது கண்டக்டர ஏத்திக்கிட்டு வாங்கய்யா" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போனார். செல்வியின் மகள் அந்த வண்டியிலேயே போய்ப் படிப்பை முடித்தாள்.

டிப்போவுக்குத் திரும்பியதும் இருவருக்கும் மெமோ கொடுக்கச் சொன்னேன். "குடுத்தா, யாரால மெமோ வந்துச்சுன்னு திரும்பவும் பேசாமப் போயிடுவானுங்க. நீ வேற!" என்று என்னை அறையை விட்டுத் துரத்தினாய்.

நீ போன அன்று செம்மண்டலம் வீட்டு வாசலில் அந்த இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தனவேல் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "சார், ஒங்களுக்கு ஒண்ணு தெரியாது. டிப்போவுக்கு இன்ஜினியர் போடறப்ப, சாதுவான ஆளா தரோம்னு மேல சொன்னாங்களாம். அவுருதான், 'மீட்டிங்ல என்னை எதுத்துப் பேசுனான் பாரு ஒருத்தன், அவன குடுங்க. நான் அவசரப்பட்டா கையப் புடிச்சி நிறுத்த ஆளு வேணும்'னு ஒங்கள கேட்டு வாங்குனாராம். எங்ககிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றார்.

அடப்பாவி! எதிர்த்துப் பேசியதற்குத் தண்டனையாகத்தான் என்னை அந்த டிப்போவில் தள்ளினார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேனே. உன் வாசலில் நின்று அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். உறவுக்காரர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இப்போது உன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒர்க் ஷாப்புக்கு யார் வேண்டும் என்று மேலே என்னைக் கேட்டார்கள். போன கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் "நீங்க சொல்றது தப்பு சார்" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரு பெண் இன்ஜினியரைக் கேட்டு வாங்கினேன். வந்த முதல் வாரமே, பிரேக் பார்க்காமல் ஒரு வண்டியை வெளியே விட மாட்டேன் என்று கேட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டாள். அவசரம் என்று கத்தினேன். அவளும் கத்தினாள். மெக்கானிக்குகள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதற்கு மேல் சந்தோஷம் ஏறியது. அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தேன்.

அவளுக்கு நான் இருக்கிறேன், எனக்கு அவள் இருக்கிறாள். டிப்போ நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் உன்னோடு போட வேண்டிய சண்டைகளை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், மச்சான்.