சரக்குத்தூளும் வெடி பெஹெத்தும்

கொட்டாஞ்சேனை,
14.06.1998

அன்புள்ள அக்காவுக்கு,

கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் எங்கள் குசினி மேசையை நிரந்தர வசிப்பிடமாகவும் கொண்ட கிரைண்டர் அவர்கள் கடந்த திங்கட்கிழமை மாலை, மஞ்சள் கட்டையொன்று தொண்டையில் இறுகிக் காலமானார். அன்னார் அம்மாவின் வலது கையும் எனது காலை நித்திரையின் பரம எதிரியும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். மலர்வளையத்துக்குப் பதிலாகப் புதுக் கிரைண்டர் அனுப்பினால் அதையும் ஏற்றுக்கொள்வோம். மற்றும்படி நாங்கள் இருவரும் நலம். நீங்களும் ஹியூபேட் அத்தானும் வயிற்றுக்குள் இருக்கிற ஆளும் நலமாயிருக்க வேண்டும் என்று அம்மா செவ்வாய்க்குச் செவ்வாய் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் அந்தோனியாரை ஆறுதலாக இருக்க விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இது அம்மாவின் கடிதம், கை மட்டும்தான் என்னுடையது. கிரைண்டர் மண்டையைப் போட்டதும் மிச்சச் சரக்கை அம்மா பக்கத்து வீட்டு உரலில் இரண்டு நாள் இடித்தார், இப்போது இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துப் பேனை பிடிக்க முடியாமல் இருக்கிறார். அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இடைக்கிடை என்னுடைய சரக்கும் கலக்கும். எழுதியதை அம்மா சரிபார்க்க மாட்டார், ஏனென்றால் அவருடைய கண்ணாடி எங்கே இருக்கிறதென்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள் கடிதம் போன மாதக் கடைசியில் வந்தது. உங்கள் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வருவதற்கு விசா இல்லை என்று அதற்கு முதல் கிழமைதான் சொல்லியிருந்தார்கள். விசா வரவில்லை, அம்மாவுக்கு விசர்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து நீங்கள், அத்தானுக்கு இரவு வேலை, அம்மாவும் வரப்போவதில்லை, வகுப்புக்குப் போகிறேன் புத்தகம் வாசிக்கிறேன், ஆனாலும் நான் இதற்குத் தயாரில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியை அம்மா என்னைக் கொண்டு மூன்று தரம் வாசிப்பித்தார். மூன்றாம் தரம் வாசித்ததும் எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போய் மல்லி, மிளகு, மஞ்சள், சீரகம், வேர்க்கொம்பு, திப்பிலி என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கறியில் போட்டுக் கொடுக்கிற சரக்குத்தூள், நான் போகாவிட்டால் என்ன, அது போகும் என்றார். அக்கா, ஒன்று கவனியுங்கள், அந்தத் தூளில் பாதி மல்லி. சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. ஆகவே தூள் அடைத்து வருகிற தகர ரின்னுக்குள் பாதி நான்தான், மரியாதையாகச் சாப்பிடவும்.

வெள்ளிக்கிழமை அந்த ரின்னைத் தந்து என்னை வெள்ளவத்தைக்கு அனுப்பினார். அப்பா இருந்த காலத்தில் அவரோடு துறைமுகத்தில் வேலை செய்த நாகமணி அங்கிள் அங்கேதான் இருக்கிறார், வருகிற புதன்கிழமை உங்கள் ஊரிலிருக்கும் மகனிடம் பறக்கிறார், அவர் கொண்டுவருவதாக ஏற்பாடு. வழியில் யாரும் கேட்டால் துனபஹ என்று சொல், கறித்தூளுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம் என்று அம்மா படிப்பித்தார். "உன்ர கெட்டித்தனத்தை வீட்டில வைச்சிட்டுப் போ" என்றும் சொன்னார். நான் ரின்னை மட்டும் கவனமாக எடுத்துக்கொண்டு போனேன்.

காலி வீதிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் முறை வந்தபோது ஆமிக்காரன் ஒருவன், மீசை கூடச் சரியாக முளைக்காதவன், மூடியைத் திறந்து மணந்து பார்த்துத் தும்மிவிட்டு "மேக்க மொகத்த மல்லி?" என்று கேட்டான். இது என்ன தம்பி என்கிறான். கறித்தூள் என்று சொல்வது பொய்தானே, இது மருந்தல்லவா, சரியான சொல்லையே சொல்வோம் என்று நினைத்தேன். சிங்களத்தில் பெஹெத் என்றால் மருந்து, வைத்தியர் கொடுக்கும் நாட்டு மருந்து வெத பெஹெத். அதைச் சொல்லப் போய் நாக்கு வழுக்கி வெடி பெஹெத் என்று வந்துவிட்டது. வெடி பெஹெத் என்றால் அவர்களுடைய பாஷையில் என்ன தெரியுமா அக்கா, வெடிமருந்து. தமிழிலும் அதே வெடி, அதே மருந்து. இரண்டு சனமும் ஒத்துப்போகிற இடம் இது ஒன்றுதான் போல.

பிறகென்ன, விசில் ஊதினார்கள், பஸ்ஸில் வந்த சனம் முழுவதும் பின்னால் ஓடியது, ரின்னை மண்மூட்டைக்கு அந்தப் பக்கமும் என்னை இந்தப் பக்கமும் வைத்தார்கள். அங்கிருந்த சார்ஜன் எங்கள் முடக்கில் இருக்கும் ராசிக் நானாவின் கடைப் போன் நம்பரை என்னிடம் கேட்டு வாங்கி அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். அம்மா வரும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நான் அங்கே கிடந்த மர வாங்கில் குந்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்கென்று சிங்களத்தில் பதில் சொல்லிக்கொண்டு, ஒரு சொட்டுப் பயமும் இல்லாமல் இருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அம்மா திரீவீலரில் வந்து இறங்கினார். கையில் பொலிஸ் பதிவுத் துண்டு, என் பள்ளிக்கூடக் கடிதம், நீங்கள் அனுப்பிய வயிற்று ஸ்கான் படம் எல்லாம் இருந்தன. அம்மாவின் சிங்களம் உங்களுக்குத் தெரியும்தானே, மரக்கறிச் சந்தை வரைக்கும்தான் போகும். இது என் மகளுக்கு, பபா கிடைக்கப் போகிறது என்று அதை வைத்தே சொல்லிவிட்டார். சார்ஜன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு தூளை அப்படியே விட முடியாது, பாதியைச் சோதனைக்கு எடுத்துவைப்போம் என்றார். பாதி கொடுத்தால் சரக்குக் கறி சாப்பிட வேண்டிய நாள் கணக்குக்குக் காணாது என்று அம்மா சொன்னது அவருக்கு விளங்கவில்லை. அப்போதுதான் அம்மா மண்மூட்டையைச் சுற்றிப் போய், யாரையும் கேட்காமல், கொப்பளித்த கையாலேயே ரின்னுக்குள் அள்ளி ஒரு பிடியை வாயில் போட்டார். பச்சைத் தூள் அக்கா. மிளகும் வேர்க்கொம்பும். கண் சிவந்து தண்ணீர் கொட்டுகிறது, சார்ஜனைப் பார்த்தபடியே மென்றுகொண்டு நிற்கிறார். அந்த மீசையில்லாத ஆமிக்காரன் ஓடிப்போய்த் தன்னுடைய தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினான். அம்மா வாங்கவில்லை. தமிழிலேயே சொன்னார்: "தண்ணி பிறகு. முதல்ல பிள்ளையைத் தா."

தந்தார்கள். அதோடு விட்டாரா அம்மா? இனி வழியில் யாரும் மறித்தால் காட்ட வேண்டும், எழுதித் தா என்று நின்றார். சார்ஜன் தலையைச் சொறிந்துவிட்டுக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, சோதிக்கப்பட்டது, துனபஹ என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரின்னின் மூடியில் ஒட்டியிருப்பது அதுதான். நாளைக்கு அம்மாவே ரின்னையும் இந்தக் கடிதத்தையும் நாகமணி அங்கிளிடம் கொண்டுபோகிறார், என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதுவதா, பயந்துவிடுவீர்களே என்று கேட்டேன். எழுது, அவளுக்குத்தான் எழுத வேண்டும் என்றார் அம்மா. இனி வருவது அவர் சொன்னபடியே. பேர்ணடெற், உன் தம்பி வயிற்றில் இருக்கும்போது நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். நேர்சிங் ஹோமில் பெயர் பதிந்து, வெள்ளைத் துணி பன்னிரண்டு தைத்து, சரக்குத்தூள் இடித்துப் போத்தலில் போட்டு வைத்திருந்தேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எல்லாம் எரிந்தது. ஓகஸ்டில் அகதி முகாமில், கோயில் மண்டபத்தின் பாட்டுக்காரர் நிற்கிற மேடைக்குப் பின்னால் பெற்றேன். கலவரம் தொடங்கியபோது துறைமுகத்துக்குள் அகப்பட்ட உன் அப்பா மூன்றாம் நாள்தான் முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தார். பின்தெருவிலிருந்து ஜவாஹிறா வந்து தன் கணவரின் சாரத்தைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றினாள். நீ ஒன்பது வயது, அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பால்மா வரிசையில் நின்றாய், உனக்கு முன்னால் நுழையப் பார்த்த பெரிய மனுசனை முழங்கையால் இடித்தாய். அன்றைக்கு நீ தயாராகவா இருந்தாய்? தயாரில்லை என்று இனி எனக்கு எழுதாதே, அந்த விசாக்காரனுக்கு எழுது.

சாமான் வாங்கிக் குவிக்காதே என்கிறார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை, அதற்குள் கடதாசிகள், இரண்டு துணி போதுமாம். ஹியூபேட்டைச் சரக்குக் கறி வைக்கப் பழக்கு, ஆம்பிளைக்கு ஏலாது என்று அவன் சொன்னால் அவனை என்னோடு கதைக்கச் சொல் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரியின் பெயரும் நம்பரும் இன்றைக்கே கேட்டு வைக்க வேண்டுமாம், பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வயிற்றைக் காட்டினால் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் விளங்குமாம். பிள்ளை பிறந்தால் தலையில் சிலுவை போட்டு, அம்மம்மா இங்கே இருக்கிறா, எங்கேயும் போகவில்லை என்று காதில் சொல்லட்டாம். மாதா உன்னைக் கையில் பிடித்திருப்பாவாம். தூளுக்குள் ஈரக் கரண்டி வைக்க வேண்டாமாம், பூஞ்சணம் பிடிக்கும்.

இப்படிக்கு, பெற்று வளர்த்து இன்னும் ஓயாத அம்மா ஐறீன்
(கையெழுத்துக்குப் பதிலாக மஞ்சள் விரல் அடையாளம்)

பி.கு: அம்மா குளிக்கப் போய்விட்டார். அக்கா, நாக்கு வழுக்கவில்லை. வெத பெஹெத் நுனி நாக்கில் சரியாகத்தான் இருந்தது. அவன் என்னைத் தம்பி என்று கூப்பிட்டான், தும்மினான், சிரிப்பான் என்று நினைத்து நானேதான் வெடி என்று மாற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. துவக்கைத் தூக்கினான், அவனே இரண்டடி பின்னால் போனான். நெஞ்சை நிமிர்த்திய கதையும் பொய், அந்த ஒரு மணித்தியாலமும் அழுதேன், கடை நம்பரையே இரண்டு தரம் பிழையாகச் சொன்னேன். அம்மா அந்தப் பிடியை வாயில் போட்டது என் பகிடியை விழுங்கத்தான், அது அவருக்குத் தெரியாது. வாய் நிறையத் தூளோடு வந்து, அத்தனை ஆமிக்காரருக்கும் முன்னால், அந்தக் கையாலேயே என் மூக்கைத் துடைத்துவிட்டார். கை முழுக்க மிளகு. நான் அழுதது அதற்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் மல்லி,
கொன்ஸ்ரன்ரைன்