மாடிக்குத் தகரம் வேண்டாம்

சார்ஜா

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவுக்கு மண்டையில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்களா? உன் மூட்டுவலி தேவலையா? போனில் பேசினால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

மேலத்தெருக்காரர்கள் அப்பாவை அடித்து, நம் மாடிச் சுவரைக் கடப்பாரையால் இடித்த வீடியோ இங்கேயும் வந்தது. அந்தத் தெருக்காரன் ஒருவன் என் அறையில் இருக்கிறான். “உங்கப்பனுக்கு மாடி கேக்குதாடா? மேல நின்னு எங்க வாசலப் பாக்கணுமாக்கும்?” என்று சிரித்தான். அவனுக்கு இரண்டு பல் போனது. எனக்குக் கை வீக்கம்தான், பயப்படாதே.

இங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்கள் யாரும் இப்போது என்னோடு பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டு ஒரு வாய்ஸ் அனுப்பு.

அப்பா சொல்லும் தகரக் கொட்டகை வேண்டாம். காங்கிரீட்டே போடுங்கள். என்னை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்துவிட்டது. கட்டி முடித்ததும் குளித்துவிட்டு மாடியில் நின்று தலையை உலர்த்து. அவர்கள் அண்ணாந்து பார்க்கட்டும்.

உன் மகன்,
சித்தார்த்