கொரியாவிலிருந்து வந்த டப்பா

சைகோன்
ஏப்ரல் 11

அன்புள்ள மகன் கியெனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், கடையும் மீன்களும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன், எங்கே சுகமாக இருக்கிறாய் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

நீ கொரியாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிப் பதினோரு மாதம் ஆகிறது. போன வாரம் உன் நண்பன் என்று ஒருவன் கடைக்கு வந்து, நீ கொடுத்தனுப்பியதாக ஒரு டப்பா நீட்டினான். மேலே அமெரிக்க லேபிள் ஒட்டிய ஆர்ட்டீமியா முட்டை, மீன் குஞ்சுக்குத் தீனியாகப் பொரிக்கும் உப்புநீர் இறால் முட்டை. ‘நீங்க இங்க விலை ஏறிப்போச்சுன்னு புலம்புறீங்களாமே அத்தை, அங்க மலிவா கிடைச்சுதுன்னு கியென் வாங்கிக் குடுத்தான்’ என்றான். உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கண் அந்தப் பையன் காலில் இருந்தது. செருப்புக்கு வெளியே குதிகால் வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது. பனியில் வெடித்த கால் இல்லை அது, உப்புத் தண்ணீரில் நின்ற கால். அங்கே குளிரெல்லாம் எப்படித் தம்பி என்று கேட்டேன். ‘செம குளிர் அத்தை, ராத்திரியில ஃபேனே போட முடியாது’ என்றான். ஐஸ் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நடைபாதையில் ஒரு தட்டுச் சிவப்புப் புழுவோடு உட்கார்ந்து தொடங்கியவள் நான். இருபத்தாறு வருடமாக மீன் தீனி விற்கிறேன். யார் கொடுத்த டப்பாவாக இருந்தாலும், பெற்ற பிள்ளையே கொடுத்தாலும், பொரித்துப் பார்க்காமல் நம்பமாட்டேன். அன்று மதியமே அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, கல்லுப்புக் கரைத்து, ஒரு கரண்டி முட்டை போட்டு, காற்றுக் குழாயை விட்டு, பக்கத்தில் பல்பை எரியவிட்டேன். என் கடைக்கு வரும் அமெரிக்க முட்டை பொரிய ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். இது மறுநாள் காலை கஞ்சி வைக்கும்போதே பாட்டில் முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிட்டது. காற்றை நிறுத்தி விளக்கை அடிப்பக்கம் வைத்தேன், ஓடெல்லாம் மேலே மிதக்க, குஞ்சு இறால் மொத்தமும் வெளிச்சத்துக்கு இறங்கி வந்தது. பொரியாமல் கிடந்தது ஒரு சிட்டிகைகூட இல்லை. சரக்கு இவ்வளவு சுத்தமாக இருந்ததைப் பார்த்ததும் என் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, நீந்தத் தொடங்கி மூன்று நாளான சண்டை மீன் குஞ்சுகளுக்குப் போட்டேன். அந்த வயதில் அமெரிக்க இறாலை அவற்றால் விழுங்க முடியாது, வாயில் முட்டித் தள்ளிப் போய்விடும். இதை ஒவ்வொன்றும் விழுங்கிவிட்டு, கண்ணாடி வயிற்றில் ஆரஞ்சுப் பொட்டு வைத்துக்கொண்டு திரிந்தன. அவ்வளவு பொடி இறால் எந்த ஊர் உப்பளத்தில் விளைகிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் தெற்குக் கடற்கரை வின்சாவ்.

முதலில் பக்கத்துக் கடை லியெமைத்தான் சந்தேகப்பட்டேன். காலி டப்பாக்களை வாங்கி என்னென்னவோ அடைத்து விற்கிறவன், உன் டப்பாவும் அன்று கொஞ்ச நேரம் அவன் மேசையில் இருந்தது. உள்ளே இருந்ததை மாற்றினாயா என்று நேராகவே கேட்டேன். விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். ‘அக்கா, உள்ள இருக்கறது லேபிளைவிட ரெண்டு பங்கு விலை. மட்ட டப்பாவில உசந்த சரக்கை அடைச்சு உங்களுக்குக் குடுக்க நான் என்ன உங்களைக் கட்டிக்கவா போறேன்’ என்றான். அவன் வாயில் மிளகாயை வைக்க. ஆனால் சொன்னது சரிதான், நான் அன்று முழுக்க அதையே யோசித்தேன். கலப்படம் செய்கிறவன் நல்ல டப்பாவில் மட்டச் சரக்கைப் போடுவான். அதைத் தலைகீழாகச் செய்கிறவன் ஒருத்தன்தான் இருக்க முடியும், பெற்றவளுக்கு அனுப்புகிறவன்.

சாயங்காலம் டப்பாவைக் காகிதத்தில் கொட்டிப் பார்த்தேன். அடியில் நகத்தளவு ஊதா வெங்காயத் தோல். வின்சாவ் வெங்காயம் வாரம் இரண்டு லாரி நம் சந்தைக்கு வருகிறது, எனக்கு அடையாளம் சொல்லித்தர வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தெத் புத்தாண்டுக்கு நீ ஃபோன் செய்தபோது பின்னால், வின்சாவ் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிற கெமர் விகாரை போல, ஒலிபெருக்கியில் ஓதிக்கொண்டிருந்தார்கள், பக்கத்து அறைக்காரன் வீடியோ பார்க்கிறான் என்றாய். ஒரு நாள்கூட முகம் காட்டிப் பேசவில்லை, கேமரா உடைந்துவிட்டது என்றாய். உன்னை அனுப்பி வைத்த ஏஜென்ட்டின் அலுவலகத்தை நேற்றுப் போய்ப் பார்த்தேன், அங்கே பால் டீ விற்கிறார்கள். மாடிக்காரம்மா, ‘அந்த ஆளைத் தேடி வர்றதுல நீங்க எத்தனையாவது ஆளுன்னே தெரியல’ என்றாள்.

ஆகவே நீ கொரியாவுக்குப் போகவே இல்லை, விமானத்தில்கூட ஏறவில்லை என்று நினைக்கிறேன். ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உப்பளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் வலை இழுக்கிறாய். நான் நினைப்பது தப்பு என்றால் எனக்கு மகிழ்ச்சிதான், கேமராவைப் போட்டு ஒரு கொரியக் கடைப் பலகையைக் காட்டு, மன்னிப்புக் கேட்கிறேன். போன பணத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. என்னையும் நான்கு பேர் ஏமாற்றித்தான் வியாபாரம் கற்றுக்கொண்டேன். கோபம் ஒன்றுக்குத்தான். உன் அப்பா தினமும் காலையில் கொரியாவில் எத்தனை டிகிரி என்று பார்த்து, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ‘இன்னைக்குப் பையன் ரெண்டு சட்டை போட்டிருப்பான்’ என்கிறார். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது நீ நேரில் வந்து சொல்ல வேண்டியது. மற்றவர் வாயால் தெரிந்தால் அவர் தாங்கமாட்டார்.

கொரியா முகவரிக்கு இதை அனுப்பவில்லை. வெங்காய லாரி ஓட்டுகிறவரிடம் கொடுத்து, இடது புருவத்தில் தழும்புள்ள பையன் எந்த அளத்தில் இருந்தாலும் கையில் கொடுங்கள் என்றேன். ஆள் இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அந்த வெங்காயத் தோலையும் உள்ளே வைத்திருக்கிறேன். இதை நீ கையில் பிடித்துப் படிக்கிறாய் என்றால் மேற்கொண்டு பொய் சொல்ல வழியில்லை.

காலுக்கு இரவில் தேங்காய் எண்ணெய் போடு. பாட்டன் படத்துக்கு முன் உனக்காக ஊதுபத்தி ஏற்றியிருக்கிறேன், உடம்பும் மனதும் உறுதியாக இருக்கட்டும். முதல் மழை விழுந்தால் அளத்தில் முட்டை எடுப்பு நின்றுவிடும், அதற்கு மேல் ஒரு நாள் அங்கே இருக்காதே. வரும்போது அதே முட்டையில் பத்துக் கிலோ எடுத்து வா, வாங்க ஆள் இருக்கிறது. டப்பா வேண்டாம், வெறும் பையில் கட்டி எடுத்து வா.

அதே முகவரியில் இருக்கும்,
அம்மா